யார் சொல்லி நகர்ந்தது வண்டி

அந்தத் தெருவில் அவளைச் சீட்டக்கா என்றால்தான் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரைக் கேட்டு ஏமாந்துபோவார்கள். சீட்டுப் பிடிக்கிற அம்மா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "அக்கா, நாங்களும் ஒண்ணு சேந்துக்கலாமா?" என்று கடை வாசலில் வந்து குழைவார்கள்.

"தாராளமா. காரா, வேனா? முன்சீட்டு மட்டுமா, பின்சீட்டும் சேத்தா?" என்று அவள் ரெக்சின் துணியை உதறிக் காட்டுவாள்.

வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது அவள் தொழில். பேட்டரிக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு கடை. உள்ளே கனத்த தையல் மெஷின், சுவரோரம் சுருட்டி நிறுத்திய ரெக்சின், காலடியில் ஸ்பாஞ்சுத் துண்டுகள். தைக்கும்போது வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொள்வாள். அந்த நேரத்தில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். பிற்காலத்தில் அந்தக் குண்டூசிகள் அவளுக்கு நல்ல சாக்காகிப்போயின.

அம்மா அப்பா இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவன் லாரியில் ஏறி வேலை கற்றுக்கொண்டு, பின்பு டிரைவராகி, தங்கைக்குத் தாயும் தகப்பனுமாக இருந்தான். அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தாலும் குட்டிதான், சத்தம் மட்டும் கூடும். எங்கோ மூடப்போகிற ஒரு தொழிற்சாலையிலிருந்து அந்தத் தையல் மெஷினை வாங்கி லாரியில் ஏற்றிவந்து இறக்கினவன் அவன்தான். அதே லாரியில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஒரு கண்ணாடிக்காரரைப் பார்த்து, ஆள் நிதானமானவர், வாய் சுத்தம், கை சுத்தம் என்று தங்கைக்குப் பேசி முடித்தவனும் அவன்தான்.

"மெஷினையும் மாப்ளையையும் ஒரே வண்டியிலதான் கொண்டுவந்தேன். கியாரண்டி மெஷினுக்கு மட்டும்தான் குடுத்தாங்க" என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு உள்ளுக்குள்தான். சன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை. வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். கோடு இழுத்து, லேசாகத் தட்டி, சுத்தமாக இரண்டாக உடைந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். அவர் வேலை பார்த்த கடைக்கு லாரி கிடையாது. ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடம் வாடகைக்கு எடுப்பார்கள். அந்தக் கம்பெனியில்தான் அண்ணன் ஓட்டினான். அதனால் பாதி நாள் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில்தான். ரேடியோவில் எந்த நிலையம் வைப்பது என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் வேறு சண்டையே வந்ததில்லை.

அந்த லாரியிலேயேதான் விபத்தும் நடந்தது.

சரிவான தெரு ஒன்றில் புதிதாக ஒரு கண் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். முகப்புக்குப் பெரிய பெரிய கண்ணாடிகள். லாரியின் முதுகில் கூடாரம்போல் சாய்ந்த இரும்புச் சட்டம் இருக்கும். கண்ணாடிகளை அதில் சாய்த்து நிறுத்தி, குறுக்கே பெல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். வேலைக்கான முறை என்னவென்றால், இறக்குகிற கண்ணாடிக்குரிய பெல்ட்டை மட்டும் கழற்றுவது. அன்றைக்குக் கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள் என்றோ, உள்ளேயிருந்து இரண்டு ஆட்கள் உடனே கைகொடுக்க வருவார்கள் என்று நம்பினார் என்றோ சொல்லிக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஒரு நாள் அப்படி வரத்தான் செய்கிறது. வண்டி நகர்ந்தது. முன்னால் நின்ற கண்ணாடி சட்டத்தைவிட்டு வெளியே சாய்ந்தது. பிடிக்கக்கூடாது, விலகிவிட வேண்டும் என்பது கண்ணாடி வேலையின் முதல் பாடம். அவர் வலது கையை நீட்டிப் பிடித்தார்.

செய்தி சொல்ல அண்ணன்தான் கடைக்கு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து அவனைத்தான் பிடித்து உட்காரவைத்தார். "எனக்கில்ல, எனக்கில்ல" என்றான். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் கையைத் தைத்தார்கள். நரம்பும் தசைநாரும் அறுந்திருந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை, கை கையாக இருக்கும், ஆனால் பிடிமானம் வராது என்றார் டாக்டர். அண்ணன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். மத்தியான வெயில் சன்னல் வழியாகத் தரையில் கிடந்தது. மயக்க மருந்து பாதி தெளிந்தும் தெளியாமலும் கணவர் பேசத் தொடங்கினார்.

"முன்னாடி எடு மச்சான்... கொஞ்சம் முன்னாடி எடு. பின்னாடி வேன்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு... எடு, எடு..." கொஞ்ச நேரம் முனகல். பிறகு தெளிவாக, "பெல்ட்டைக் கழட்டிட்டேன்னு சொல்லலியே. ஐயோ, சொல்லலியே" என்றார்.

அவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது. பெல்ட்டைக் கழற்றினதும் அவர்தான். வண்டியை எடுக்கச் சொன்னதும் அவர்தான். அண்ணன், அவர் சொன்னதைச் செய்திருக்கிறான், அவ்வளவுதான். அவள் சட்டென்று எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கை தானாகவே சாத்தியது.

கண் விழித்தபோது அவருக்குத் தான் பேசியது நினைவில் இல்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைவது தொடங்கியது. கண்ணாடிக் கடையின் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஒரு மெலிந்த மனிதர், விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அனுதாபமாகத் தலையாட்டினார். "வண்டி நகந்துதானே விழுந்திருக்கு? அப்ப இது வண்டி விபத்தும்மா. லாரிக்குப் போட்ட இன்ஷூரன்ஸ்ல கேளுங்க."

லாரியின் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஒரு பெண் அதிகாரி. அவளும் நல்லவிதமாகத்தான் பேசினாள். "ரோட்டோரம் நிறுத்தி சரக்கு இறக்கிக்கிட்டிருந்திருக்காங்க. அது வண்டி ஓட்டுறது இல்லையே. இறக்குற வேலையில வந்த காயம். அவர் வேலை பாக்குற இடத்துலதான் நீங்க கேக்கணும்."

"அங்கதான் உங்ககிட்ட அனுப்பினாங்க."

"நாங்க அங்க அனுப்புறோம்."

"நடுவுல இருக்குற தூரத்துக்கு நான் பஸ்ஸே விடலாம் போலிருக்கே" என்றாள் சீட்டக்கா. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாளே தவிர வேலை நடக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் தட்டிக்கொடுத்தே அனுப்பினார்கள்.

கடைசியில் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். எப்போதும் சளி பிடித்து, கைக்குட்டையும் கையுமாக இருப்பவர். ஆனால் விஷயத்தை உடைத்துச் சொல்லத் தெரிந்தவர். கணவன் மனைவி இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"வண்டி சும்மா நின்னு கண்ணாடி விழுந்திருந்தா, அது வேலையில வந்த காயம். வண்டி நகந்ததால விழுந்துச்சுன்னா, வண்டியைப் பயன்படுத்தினதுல வந்த காயம். நம்ம கேஸ்ல நகந்திருக்கு. அதுவரைக்கும் நல்லது. ஆனா அவங்க விடமாட்டாங்க. யார் சொல்லி நகந்துதுன்னு கேப்பாங்க. டிரைவர் தன்னிச்சையா எடுத்தாரா, இல்ல பெல்ட்டைக் கழட்டின ஆளே எடுக்கச் சொன்னாரா?"

"சொல்லியிருந்தா?" என்று அவள்தான் கேட்டாள். கணவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா, வண்டி மேல தப்பில்ல, வேலை செஞ்ச விதம்தான் தப்புன்னு லாரிக்காரங்க கை கழுவிடுவாங்க. முறையை மீறினது அவர்தானேன்னு கடைக்காரங்களும் கை கழுவிடுவாங்க." வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் இப்ப எதுவும் கேக்கல. நல்லா யோசிச்சு, ஞாபகப்படுத்திக்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். இரண்டு ஆண்களும் மாடிப்படித் திருப்பத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தேநீர் எடுத்துக்கொண்டு போனாள். பேச்சு பட்டென்று நின்றது. கணவரின் கண்கள் சிவந்திருந்தன. அண்ணன் தம்ளரை வாங்கிக்கொண்டு, "சக்கர கொஞ்சம் தூக்கலா இருக்கே குட்டி" என்றான். அவன் இன்னும் குடிக்கவே இல்லை.

அவள் நினைத்திருந்தால் அங்கேயே கேட்டிருக்கலாம். என்னண்ணே பேசிக்கிறீங்க, எனக்கும் தெரியும், நானும் ஒரு ஆள்தானே என்று உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கணவருக்கு இனி வேலை கிடையாது. ஒரு மெஷின் எத்தனை பேரை இழுக்கும்? அவள் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

விசாரணை ஒரு சாதாரண அறையில் நடந்தது. நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடும் மின்விசிறி. நடுவராக இருந்த அம்மாள் எதையும் அவசரப்படாமல் கேட்டார். லாரி இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டியை எடுக்கச் சொல்லி யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பின்னாடி நின்னிருக்கார். அவர் ஒண்ணுமே சொல்லலியா?"

"சொல்லல. ஒரு வேன் ஹாரன் அடிச்சுது. நானாத்தான் எடுத்தேன்."

"சரக்கு கட்டியிருக்கான்னு எறங்கிப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"இத்தனை வருஷ அனுபவம் இருந்துமா?"

"பாக்கலைங்க" என்றான் அண்ணன் மறுபடியும். அவன் குரல் பிசிறவில்லை. சாலையில் வழி கேட்பவனுக்கு வழி சொல்வதுபோல இருந்தது.

கணவரைக் கேட்டபோது அவர், "நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அது பொய்யில்லை. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியின் கிழிந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எங்கே பிரித்து எங்கே தைக்கலாம் என்று மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. எழுந்து நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வார்த்தை போதும். அவள் எழவில்லை.

காயம் வாகனத்தைப் பயன்படுத்தியதிலிருந்தே எழுந்தது என்று தீர்ப்பானது. லாரி இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்றது. வந்த தொகையில் கணவர், முகம்பார்க்கும் கண்ணாடிகளும் படச்சட்டங்களும் விற்கிற சிறிய கடை ஒன்றைப் போட்டார். வெட்டுகிற வேலைக்கு வேறு ஆள். யாராவது கண்ணாடியில் கோடு இழுக்கும்போது இவர் பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

அண்ணனுக்கு வேறுவிதமாக ஆயிற்று. அவிழ்ந்த சரக்கோடு வண்டியை எடுத்தவன் என்று தீர்ப்பிலேயே இருக்கும்போது எந்தக் கம்பெனி வண்டியைக் கொடுக்கும்? வேலை போனது. கொஞ்ச நாள் லைசென்ஸும் போனது. அது திரும்ப வந்தபோதும் சாவி கொடுக்க ஆளில்லை. கடைசியில் ஒரு பஸ் டெப்போவில் வண்டி கழுவுகிற வேலை. பஸ்ஸைக் கழுவும் இடத்திலிருந்து நிறுத்தும் இடம்வரைகூட வேறொருவர்தான் வந்து ஓட்டிப்போவார். இவன் ரப்பர் பூட்சோடு ஒதுங்கி நின்று, "வலது ஒடி, இன்னும் வலது" என்று கை காட்டுவான்.

அண்ணி வெளிப்படையான ஆள். மனதில் ஒன்றும் வாயில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு நாள் கடை வாசலிலேயே நின்று சொன்னாள். "உன் புருஷனுக்குக் கை போச்சு, ஒத்துக்கிறேன். இந்த மனுஷனுக்குக் கண்ணு எங்க போச்சு? எறங்கி ஒரு எட்டுப் பாத்தா குறைஞ்சா போயிடுவாரு? அக்கறை இல்லாத ஜென்மம். குடும்பத்தையே குழிதோண்டிப் புதைச்சுட்டாரு." அண்ணன் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சரி, வா" என்று மட்டும் சொன்னான்.

சீட்டக்காவின் வாயில் குண்டூசிகள் இருந்தன.

அன்றிலிருந்து அவளால் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் வந்தால் மெஷின்மேல் இன்னும் குனிந்துகொள்வாள். "என்ன குட்டி, சௌக்கியமா?" என்றால் தலையை மட்டும் ஆட்டுவாள். வேலை அவசரம், வண்டிக்காரர் காத்திருக்கிறார் என்பாள். ஊர் பார்த்தது. புருஷன் கையைக் கெடுத்தவன் என்று அண்ணன்மேல் கோபமாக இருக்கிறாள், எந்தப் பெண்தான் பொறுப்பாள் என்று ஊரே தீர்ப்பெழுதிவிட்டது. பேட்டரிக் கடைக்காரர் அவளுக்குச் சாதகமாகவே பேசினார். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். கணவரும் அப்படித்தான் நினைத்தார். மச்சானைப் பற்றிப் பேச்செடுத்தாலே மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து, அவர் மெல்ல மெல்ல அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

கோபம் இருந்திருந்தால்கூட ஒரு நாள் தணிந்திருக்கும். அவளுக்கு இருந்தது வெட்கம். வெட்கம் தணிவதில்லை, தள்ளிப்போடத்தான் சொல்லும். அடுத்த வாரம் போய்க் காலில் விழுந்துவிடலாம், மகளுக்குப் பரீட்சை முடியட்டும், கடைக்கு வெள்ளை அடித்துவிட்டுப் போகலாம் என்று அவள் தள்ளிக்கொண்டே போனாள்.

கொஞ்ச காலம் அண்ணன் உள்ளே வராமல் எதிர்ச்சாரியில் தேநீர்க் கடைப் பக்கம் நிற்பான். கையில் தம்ளரோடு பஸ்ஸுக்கு நிற்பவன்போல. அவன் போகவேண்டிய பஸ் அந்த வழியில் வருவதே இல்லை. அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்காமலேயே அவன் நிற்பது தெரியும். பிறகு ஒரு கட்டத்தில் அவன் வருவதும் நின்றுபோனது.

மகள் வளர்ந்து, நர்சிங் படித்து, வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து ஸ்பாஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லுவேன். திட்டக்கூடாது."

"சொல்லு."

"நான் மாமா வீட்டுக்குப் போயிக்கிட்டுதான் இருக்கேன். படிக்கிற காலத்துல இருந்தே. உனக்குப் பிடிக்காதுன்னு சொல்லல."

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"மாமாவுக்கு இதயம் வீங்கியிருக்கும்மா. படுத்தா மூச்சு வாங்குது. உக்காந்தே தூங்குறார். ரொம்ப நாள் இருக்கமாட்டார்." மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு அவர் மேல என்ன கோபம்னாலும் சரி, ஒரு தடவை போயிட்டு வந்துடு. அப்புறம் நெனச்சு நெனச்சு அழுவே."

சீட்டக்கா எழுந்துவிட்டாள். ஒரு காரின் பின்சீட்டு உறை பாதி தைத்தபடி மெஷினிலேயே தொங்கியது. ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினாள். பட்டப்பகலில் அவள் கடையை மூடி அந்தத் தெரு பார்த்ததில்லை.

அண்ணன் பின்னறையில், சன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். கால்கள் வீங்கி, தோல் பளபளத்தது. அண்ணி மடியில் துணியை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பார்த்து எழவில்லை. "வா" என்றாள், வராதே என்பதுபோல.

அவன் தங்கையை ஏற இறங்கப் பார்த்தான். "மெலிஞ்சுட்டியே குட்டி."

அவ்வளவுதான். அவள் தரையில் உட்கார்ந்து அவன் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவருதான் எடுக்கச் சொன்னாரு. பெல்ட்டைக் கழட்டிட்டேன்னு உன்கிட்ட சொல்லல. நீ எங்களுக்காகத்தான் தலையக் குடுத்தே. எல்லாம் தெரியும்."

"மாப்ள சொல்லிட்டாரா? உன்கிட்டகூட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேனே. கேஸ் கெட்டுடும்னு பயம்."

"அவர் சொல்லல. அன்னைக்கே ஆஸ்பத்திரியில மயக்கத்துல உளறினாரு."

"அன்னைக்கேவா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்ப விசாரணை ரூம்ல உக்காந்திருந்தப்ப உனக்குத் தெரியுமா? நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டு..."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வரல? நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான் சொன்ன பொய்ய உலகம் நம்பினது போதாதுன்னு நீயும் நம்பிட்டே, என் குட்டியே என்னை வெறுத்துட்டான்னு..."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுண்ணே வருவேன்? உன் சோத்தப் பறிச்சு நாங்க தின்னுக்கிட்டு, சௌக்கியமான்னு கேக்குறதுக்கா?"

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாயிற்று. "போடி பைத்தியக்காரி. ஒரு தடவை உள்ள கூப்பிட்டு ஒரு வாய்த் தண்ணி குடுத்திருந்தா போதுமே. எதிர்ல நின்னு நின்னு அந்தக் கடைக்காரன் தேநீரக் குடிச்சே எனக்கு வயிறு கெட்டுது."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னான். "முழுப் பொய்யும் இல்ல குட்டி. யார் எடுக்கச் சொன்னாலும் எறங்கிப் பாத்துட்டு எடுக்கணும். அதுதான் டிரைவரு. நான் பாக்கல. கேட்ட கேள்விக்கு அந்தப் பாதி நான் உண்மையத்தான் சொன்னேன்."

அப்போதுதான் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அண்ணியின் மடியிலிருந்த துணிகள் அத்தனையும் தரையில் கிடந்தன. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாத அவள் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அண்ணன் தங்கை இருவருக்குமே அந்தக் கணம்வரை தோன்றவில்லை.

"இத்தனை வருஷமா" என்று தொடங்கினாள். முடிக்க வரவில்லை. மறுபடியும் தொடங்கினாள். "இத்தனை வருஷமா இந்த மனுஷனை நான் பேசாத பேச்சில்ல. குருட்டுப்பயன்னு சொல்லியிருக்கேன். நீ தொட்டது விளங்காதுன்னு சொல்லியிருக்கேன். சொந்தப் பிள்ளைங்க முன்னாடி வெச்சு சொல்லியிருக்கேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'அப்படி இல்லடி'ன்னு வாயத் தொறந்தாரா?"

"விடு" என்றான் அண்ணன்.

"எப்படி விடறது? உங்க தங்கச்சிக்கு உளறலாவது காதுல விழுந்துது. எனக்கு அதுவும் இல்லையே." அவள் நாத்தனாரைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும். நான் உன் கடை வாசல்ல நின்னு அவரைத் திட்டினப்ப உனக்குத் தெரியும். ஊசியக் கவ்விக்கிட்டு உக்காந்திருந்தியே."

அண்ணி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நெடுநேரம் தண்ணீர் சும்மா ஓடியது.

சீட்டக்கா நேராகக் கணவரின் கடைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடை நாற்காலியில் உட்கார்ந்து, மடங்காத விரல்களை இடது கையால் நீவிக்கொண்டே கேட்டார். சுற்றிலும் சுவர் முழுக்க முகம்பார்க்கும் கண்ணாடிகள். அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "நீ மச்சானை வெறுக்கிறதப் பாத்துப் பாத்து நான் தினம் செத்தேன்" என்றார். "சொல்லிடலாம், சத்தியமாவது ஒண்ணாவதுன்னு தோணும். அப்புறம், எடுக்கச் சொன்னதே இவர்தானான்னு உன் மனசுல நான் எறங்கிடுவேனேன்னு பயம்." இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்தவர்கள், ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி நின்றிருக்கிறார்கள், எதிரே இருப்பவர் தெரியாமல்.

அதன்பிறகு இருவரும் தவறாமல் போனார்கள். கணவர் போகும்போது சின்ன ரேடியோ ஒன்றை எடுத்துப்போவார். எந்த நிலையம் வைப்பது என்று மச்சானும் மாப்பிள்ளையும் சண்டை போடுவார்கள். விசாரணை அறைக்குத் திரும்பப் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கணவர் ஒரு நாள் கேட்டார். "எனக்கு இப்ப லாரி குடுத்தாலும் ஏற முடியாது மாப்ளே. உங்க கையும் திரும்ப வராது. பேசாம பாட்டக் கேளுங்க" என்றான் அண்ணன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். உட்கார்ந்தபடியே, தூக்கத்தில். இழந்த காலத்தோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கிடைத்த காலம் கையில் அள்ளிய தண்ணீர் மாதிரி.

அண்ணி மன்னிக்கவில்லை. அதை அவளே சொன்னாள். "உங்க அண்ணன் பெரிய மனுஷன், அவர் எல்லாத்தையும் மறந்துட்டாரு. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல. உன்னை மன்னிக்கல, உன் புருஷனை மன்னிக்கல, என்னைத்தான் முதல்ல மன்னிக்கல." சீட்டக்கா சரி என்றாள்.

ஆனால் அண்ணி வருவதை நிறுத்தவில்லை. கடைப்பக்கம் வந்தால், ஸ்பாஞ்சு மூட்டைமேல் உட்காருவாள். முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தவள், வீதியில் போன ஒரு லாரியைப் பார்த்துவிட்டுத் திடீரென்று கேட்டாள்.

"அவர் சின்ன வயசுல எப்படி ஓட்டுவாரு? நல்லா ஓட்டுவாரா?"

சீட்டக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நல்லா ஓட்டுவாரு அண்ணி" என்றாள். "ஒரு தடவ, நான் ஸ்கூல் முடிஞ்சு வர்றேன், நல்ல மழை. பின்னாடி வண்டி முழுக்கக் கோழிமுட்டை ஏத்திக்கிட்டு வந்தாரு. என்னை முன்னாடி ஏத்திக்கிட்டு, 'குட்டி, ஒண்ணாவது உடையுதா பாரு'ன்னாரு. வழி பூராப் பள்ளம். நான் மூச்சே விடல..."

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். "உடைஞ்சுதா?" என்றாள்.

"ஒண்ணுகூட இல்ல."

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்லு" என்றாள்.